நோரீனைக் கீழே கூட்டி வந்தது யார்?

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். என்னிடம் சொன்னவன் கோல்மன். பதினெட்டு வருடம் ஒரே தபால் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று கடிதம் பிரித்தவர்கள் நாங்கள். தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள அவன் ஆயிரம் பொய் சொல்லுவான். இந்தக் கதையில் அவனுக்குப் பெருமை எதுவும் இல்லை. சொல்லி முடிக்கும்வரை என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அதனால்தான் நம்பினேன்.

லீட்ரிம் மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு மேலே இருக்கிறது கேரிக்டூ குன்று. உச்சியில் கூரையில்லாத ஒரு கல் வீடு. முன்னூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பிரபு, குடிக்கவும் சீட்டாடவும் கட்டியது. அங்கே இருந்த பழங்காலக் கல்லறையைப் பெயர்த்து அந்தக் கல்லாலேயே சுவர் எழுப்பினானாம். முதல் விருந்தன்றே கூரை பறந்துவிட்டது. பிரபு குதிரையேறி ஓடினான். ஓடும்போது வாசலில் நின்ற வேலைக்காரனைப் பார்த்து, "நான் திரும்பி வரும்வரை விருந்தாளிகளைக் கவனித்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். திரும்பி வரவில்லை. வாசல்காரன் இன்னும் அங்கேதான் நிற்கிறான் என்பார்கள்.

மதுக்கடையில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் கோல்மன் விடமாட்டான். "முன்னூறு வருஷம் ஒரே வேலை! லீவு கூட எடுக்கல. நம்ம ஆபீஸ்ல அப்படி ஒருத்தன் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்பான். எல்லோரும் சிரிப்போம்.

அவன் மனைவி நோரீனுக்கு இது நடந்த வருடம் இடுப்பெலும்பை மாற்றி வைத்திருந்தார்கள். ஆறு மாதம் ஊன்றுகோல். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊரே எங்காவது நடக்கப் போகும். அன்று கேரிக்டூ ஏறியே தீருவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள்.

"பாதியில முடியலன்னா என்ன பண்ணுவ?" என்றான் கோல்மன்.

"நீ தூக்கிட்டு வா. பின்ன எதுக்கு உன்னக் கட்டிக்கிட்டேன்?"

"உன்னத் தூக்கணும்னா டிராக்டர் கொண்டுவரணும்டி."

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் பூட்ஸை மாட்டினாள்.

கீழே இரும்பு கேட்டுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தும்போது மணி 1.40. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது 3.05. ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பழைய கல்குவாரிப் பள்ளம். நோரீன் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஆனால் உட்காரவில்லை. மேலே போனதும் சுவரில் கை வைத்துச் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். வான்கோழி இறைச்சி வைத்த ரொட்டியும் ஃப்ளாஸ்கில் டீயும் கொண்டு போயிருந்தார்கள். கோல்மன் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தான். புல். ஆட்டுப் புழுக்கை. வேறொன்றும் இல்லை. இதை அவன் என்னிடம் மூன்று முறை சொன்னான். தரை முழுக்கப் புல்தான்.

3.20க்கு மூடுபனி வந்தது. மேலேயிருந்து இறங்கவில்லை. கீழேயிருந்து ஏறி வந்தது. ஐந்து நிமிடத்தில் பாதை மறைந்துவிட்டது.

"போதும் கோல்மன், கிளம்பலாம்."

"இருடி. வந்ததுக்கு வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்."

கதவில்லாத வாசலுக்குப் போய்க் கல்லில் மூன்று தட்டு தட்டினான். "உள்ள யாருங்க? ரெண்டு பேர் வந்திருக்கோம். மேசை காலியா இருக்கா?"

நோரீன் சிரித்தாள்.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

சர்ர்ர்... மரத்தரையில் இழுக்கிற சத்தம்.

அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை வந்தது.

டக்... டக்... பலகை மேல் காலடி. அவசரமே இல்லாத நடை. வாசலை நோக்கி வந்தது. நோரீன் கோல்மனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டக்.

நின்றது.

வாசலுக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள். விருந்தாளியை உள்ளே கூப்பிடுவதற்கு முன் செருமுவது மாதிரி... மரியாதையாக.

கோல்மன் ஓடினான்.

சும்மா ஓடவில்லை. நோரீன் அவன் கையை விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினான்.

"கோல்மன்! நில்லு, என்னால ஓட முடியாது..."

அது அவன் காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது.

நிற்கவில்லை.

இரண்டு முறை விழுந்தான். முழங்கால் கிழிந்தது. காருக்குள் ஏறி எல்லாக் கதவையும் பூட்டிக்கொண்டான். மணி 4.05. இதோ இப்போது போகிறேன், மூச்சு வாங்கிவிட்டுப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 4.15. 4.30. இருட்டிவிட்டது. இன்ஜினைப் போட்டான். காரைப் பின்னால் எடுத்துச் சாலைப் பக்கமாகத் திருப்பியும் வைத்தான்.

4.47.

அவன் பக்கத்துக் கதவின் கைப்பிடி அசைந்தது.

யாரும் இல்லை. மூடுபனி மட்டும்.

கைப்பிடி மெல்ல மேலே போனது. இறங்கியது. மறுபடி மேலே...

கண்ணாடியில் ஆவி படிந்தது. வெளிப் பக்கத்தில்.

கோல்மன் கண்ணை மூடிக்கொண்டான்.

4.52.

நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தபோது கேட்டருகே நோரீன். ஒரு கீறல் இல்லை. அவள் தனியாகத்தான் நின்றாள். ஆனால் வலது கை பக்கவாட்டில் சற்றே நீண்டிருந்தது, யாரோ பிடித்திருப்பது போல. பிறகு அந்தக் கை தளர்ந்து கீழே விழுந்தது.

காரில் ஏறினாள். அவனை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கையப் பிடிச்சு இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி" என்றாள். "கடைசில எதுக்கு விட்டுட்டு ஓடின?"

வாயில் வந்தது பொய். "காரு சில்லுனு இருக்கும்னு... ஹீட்டர் போட வந்தேன்."

அவள் தலையசைத்தாள். அவன் காரை வீட்டுக்கு ஓட்டினான்.

புத்தாண்டுக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. புது இடுப்போடு இருந்த மனைவியை மூடுபனியில் குவாரி ஓரமாகக் கைப்பிடித்து இறக்கியவன்! மதுக்கடையில் அவன் தோளைத் தட்டினோம். நானே அவனுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன். அவன் வாங்கிக் குடித்தான். மூன்று வருடம் அப்படியே ஓடியது. நோரீன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு பாராட்டும் நெஞ்சில் கல் ஏற்றியது மாதிரி இருந்தது என்றான். ராத்திரி அவள் தூக்கத்தில் கை நீட்டினால், இவன் தன் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வானாம்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை, சமையலறையில் அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இவனால் அதற்கு மேல் முடியவில்லை.

"நோரீன்... அன்னிக்கு உன் கையப் பிடிச்சது நான் இல்ல."

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"முப்பத்தோரு வருஷமா உன் கையப் பிடிக்கிறேன். உனக்கு எப்பவும் உள்ளங்கை வேர்க்கும். அந்தக் கை காஞ்சு போயிருந்துச்சு, பழைய காகிதம் மாதிரி. பள்ளத்துப் பக்கம் அவர்தான் நடந்தார். எங்க கல்லு இருக்கு, எங்க சேறுன்னு அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி எனக்கு நன்றி சொன்ன?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?"

கோல்மன் அழுதுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அவரு... ஏதாவது பேசினாரா?"

"வழியெல்லாம் பேசல. கேட் பக்கத்துல வந்ததும் நின்னார். ஒண்ணே ஒண்ணு கேட்டார்."

"என்னன்னு?"

நோரீன் ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள். அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"'கார்ல இருக்கிற ஆளு உங்களுக்கு வேணுமாம்மா? இல்ல, நான் அவர மேல கூட்டிட்டுப் போயிடட்டுமா?'ன்னு கேட்டார்."

"நீ... என்ன சொன்ன?"

"வேணும்னுதான் சொன்னேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உடனே சொல்லல, கோல்மன்."