கடைசி வரிசைக்கு முன்னால்

டைபாய்டு வந்து நாகல் நகரில் அக்கா வீட்டில் படுத்திருந்தபோது எனக்கு இருந்த ஒரே வேலை, செல்போனில் சீனச் சதுரங்கத்தின் முடிவாட்டங்களை ஆராய்வதுதான். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கல் சூளை, பிறகு பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே பாத்திரம் கழுவிய காலத்தில் கற்ற ஆட்டம் இது. மிச்சமிருக்கும் காய்களைப் போனில் அடுக்கினால் அது யோசித்து அடுத்த நகர்த்தலையும் ஓர் எண்ணையும் காட்டும். பெரிய எண் என்றால் ஜெயம், பூஜ்யம் என்றால் சமம்.

அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நான் பினாங்கிலிருந்து கொண்டுவந்த வட்டக் காய்களில் இருந்த சீன எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொன்றின் மேலும் நகப்பூச்சால், குதிரைக்கு 'கு', யானைக்கு 'யா' என்று எழுதிக்கொண்டாள்.

காய்ச்சல் விட்டதும் திருப்பூரில் சாயப்பட்டறை வேலைக்குச் சொல்லிவைத்தேன். வேட்டி இடுப்பில் நிற்காத அளவு மெலிந்திருந்தேன். அக்கா திட்டவில்லை. பலகையை எடுத்து வந்தாள்.

"ஏலே, ஒரே ஆட்டம். நான் ஜெயிச்சா கார்த்திகை வரைக்கும் இங்க கெடந்து உடம்பத் தேத்தணும். இல்லாட்டி சாயங்கால பஸ்ஸுக்கு நானே சோறு கட்டித் தாரேன்."

"விட்டுக்கொடுக்க மாட்டேன்க்கா."

"நீ குடுத்து நான் வாங்கவா? காய வையிடா."

கடைசியில் என்னிடம் ராஜா மட்டும். அவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். சிப்பாய் என் கடைசி வரிசைக்கு ஒரு வரிசை முன்னால் நின்றது. அதைப் பட்டென்று கடைசிக்குத் தள்ளி, "ராணி!" என்று கைதட்டினாள்.

ஊர் செஸ் ஆடிப் பழகிய கை. சீன ஆட்டத்தில் ராணியே கிடையாது. சொல்லித்தான் இருந்தேன். கடைசிக்குப் போன சிப்பாய் அந்த வரிசையிலேயே இங்குமங்கும் நகரும், அவ்வளவுதான். அதை வைத்து ராஜாவைப் பிடிக்க முடியாது.

"தோக்கலைல?"

"ஜெயிக்கவும் இல்லையேக்கா."

அடுப்படிக்குப் போனாள். எனக்குக் கட்டித்தரச் சோற்றைக் கிளறி ஆறவைக்கும் சத்தம் கேட்டது.

பையை மூடியபின், பழக்கதோஷத்தில், அவள் சிப்பாயைத் தள்ளுவதற்கு முந்தைய நிலையைப் போனில் அடுக்கினேன். பெரிய எண் வந்தது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம்.

"அக்கா, ஒன் ஆட்டம் ஜெயிக்கிற ஆட்டந்தானாம்."

கரண்டியோடு வந்தாள். "எப்படின்னு சொல்லிப்புடாத. போனக் கவுத்து வையி."

சிப்பாயைப் பழைய இடத்தில் வைத்தேன். செத்த நேரம் பார்த்தாள். சிப்பாயிடம் போன விரல் திரும்பியது. பிறகு தன் ராஜாவை ஓர் அடி நகர்த்தி நடுக்கோட்டில் வைத்தாள். போன் காட்டியதும் அதைத்தான். நடுவில் காய் இல்லாமல் இரண்டு ராஜாவும் நேருக்கு நேர் நிற்கக்கூடாது என்பது விதி. அந்தக் கோடு இனி எனக்கு அடைப்பு; மூன்று கோட்டு அகலமுள்ள அரண்மனையை விட்டு ராஜா வெளியேறவும் முடியாது. ஓரத்திலேயே மேலும் கீழும் ஓடினேன், நிஜமாகவே ஓடினேன். சிப்பாய் பக்கவாட்டில் நகர்ந்து வந்து என்னை முடக்கியது. இந்த ஆட்டத்தில் நகர வழியில்லாதவன் தோற்றவன்.

அக்கா கைதட்டவில்லை. காய்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டாள்.

"நாளைக்குச் சோத்துக்கு வெஞ்சனம் என்னலே வைக்க?"

"கத்தரிக்காய்" என்றேன்.