பல்லுக்காரரின் நாலு டயர்

என் அக்காவின் வீட்டுக்காரருக்குத் தொழில் பல் செட் செய்வது. தெருவில் அவருக்குப் பெயரே பல்லுக்காரர்தான். முப்பத்தோரு வருஷமாக மாடி அறையில் உட்கார்ந்து, ஊரார் வாய்க்குள் போகப்போகும் பற்களை அரம் வைத்து ராவிக்கொண்டிருக்கிறார். ஒரு நூல் பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும் என்பது அவர் சாப்பிடும்போதுகூடச் சொல்கிற வாக்கியம். அப்படிப்பட்ட மனுஷனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும் வேலையை விட்டால் என்ன ஆகும்? நாலு வருஷம் ஆகும்.

சிவப்புக் கார், இரண்டே சீட்டு, அக்காவைவிட இரண்டு வயசு மூத்தது. வாங்கி வந்த அன்றைக்கே மெக்கானிக் சுற்றிவந்து பார்த்தார். "இன்ஜின் தங்கம் சார். டயர்ல மேடு மேடா இருக்கற பட்டனும் தேயாம அப்படியே இருக்கு. ஆனா ரப்பர் செத்துப்போச்சு. இதை வெச்சுக்கிட்டு தெருமுனையைக்கூடத் தாண்டாதீங்க" என்றார். பொய்யில்லை. டயரின் பக்கவாட்டில் குதிகால் வெடிப்பு மாதிரி வெடித்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சைஸைச் சொல்லி நாலு டயர் வாங்கி வந்திருப்பார்கள். மாமா பழைய டயரின் மேல் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து அப்பி, வாயில் அளவெடுப்பதுபோல் அச்சு எடுத்தார். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஒரு சாண் நீளத்துக்கு அந்தப் பட்டன் வரிசையை வார்த்தார். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினார்.

"என்ன சார் இது, முதலைப் பல்லா?" என்று கேட்டார் டயர்க் கடைக்காரர். கூடப் போன நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை.

அச்சுக்குப் பொருந்திய டயர் மழையில் வழுக்கும் என்றார்கள். வழுக்காத டயர் அச்சுக்குப் பொருந்தவில்லை. "அறுபது வயசு முகத்துல இருபது வயசுப் பல்லு வெச்ச மாதிரி இருக்கு" என்று மாமா தள்ளிவிட்டார். ஒன்று அகலம், ஒன்று பளபளப்பு. இன்னொன்றில் எல்லாம் சரி, ஆனால் டயர்மேல் இருந்த எழுத்தின் வடிவம் பிடிக்கவில்லையாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முதலைப் பல்லை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன்.

கார் ஷெட்டிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா துடைப்பார், அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டுவாள். அந்த சீட்டோ தரையோடு தரையாக இருக்கும். இறங்கும்போது மாமா இரண்டு கையையும் பிடித்து இழுப்பார், அக்கா "ஐயோ அம்மா" என்று எழுந்திருப்பாள். இந்த வருஷம் அந்த "ஐயோ அம்மா" நிஜமாகிவிட்டது. முட்டி தேய்ந்துவிட்டது.

"இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன். அதுக்கப்புறம் இவ்ளோ தாழ்வான சீட்டையெல்லாம் மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள் ஒரு ஞாயிறு. பேப்பரை மடித்தாள். "நாலு வருஷமா இதுல உக்காந்திருக்கேன். ஒரு தடவை இது நகர்ந்து பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. ஆனா எங்கயாவது போயி, இறங்க முடியாம நாலு பேர் முன்னாடி என்னை இழுத்துக்கிட்டு நிக்காதீங்க. அந்த மானக்கேடு வேண்டாம்."

மாமா பாட்டுக்கு மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டினேன்.

மறுநாள் போனால், கூடத்தில் அக்கா ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மாமா டேப்பும் கையுமாக முட்டி போட்டிருக்கிறார். ஸ்டூலின் மேல் பழைய பேப்பரை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். "இப்ப எழுந்திரு. கையை ஊணாத." முடியவில்லை. இன்னும் ஒரு பேப்பர். முடியவில்லை. பதினேழாவது பேப்பரில் அக்கா தானாகவே எழுந்து நின்றாள்.

"கார் சீட்டுக்கும் இதுக்கும் ரெண்டு விரல்தான் வித்தியாசம்" என்றார் மாமா.

"ஒரு தலகாணி போட்டா முடிஞ்சுது மாமா."

"தலை கூரையில இடிக்கும்டா. வண்டியே உயரணும்."

அன்றைக்கே கடைக்குப் போனோம். அச்சை எடுக்காமல் வந்திருந்தார். இருப்பதிலேயே உயரமான டயரைக் கேட்டார். நாலு வருஷப் பாடத்தில் கடைக்காரரும் பாதிப் பல்லுக்காரராக மாறியிருந்தார். "சார், இது அச்சுல சேராது. அறுபது வயசு முகத்துல..."

"முகத்தை யாருய்யா பாக்கறா? கடிக்க வந்தாப் போதும்."

வாங்கி வந்து ஷெட்டிலேயே மாட்டிப் பார்த்ததில் இரண்டு விரல் உயரம் கிடைத்தது. கூடவே ஒரு வில்லங்கமும். ஸ்டியரிங்கை இடதுபக்கம் நன்றாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது. வலதுபக்கம் எந்தத் தொந்தரவும் இல்லை. மாமா வீட்டுக்குள் வந்து ஒரு காகிதத்தில் வெறும் வலது திருப்பங்களாகவே ஒரு வழி போட்டார். பூங்கா, தபால் நிலையம், பள்ளிக்கூடம், மறுபடி வீடு.

இருபத்தாறாம் தேதி காலை கார் கிளம்பியது. வாசல் சரிவில் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தது அந்த முதலைப் பல். நான்தான் எடுத்துப் போட்டேன்.

இருபது நிமிஷத்தில் வாசலுக்கே திரும்பி வந்தார்கள். தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். அக்கா கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாள். மாமா பழக்கதோஷத்தில் ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"கையை எடுங்க" என்றாள்.

அப்படியே எழுந்து நின்றாள். "ஐயோ அம்மா" இல்லை. மாமா நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சொல்வதற்கு என்ன, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்ப சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா, இறங்கலையா?" என்றார் மாமா.

"இறங்க வருதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் என்ன அவசரம்? நீங்க ஏறுங்க."

அன்றைக்கு அந்தச் சிவப்புக் கார் பூங்காவை ஒன்பது முறை சுற்றியது. எல்லாம் வலதுபக்கமாகவே.