ஏணி கேட்காமல் விட்ட ஓட்டு

கொடிக்கயிறு சிக்கினால் அவருக்கு ஏணி வேண்டாம், எட்டி எடுத்துவிடுவார். அதனால் பேரே ஏணி ஆகிவிட்டது. தகரப் பட்டறையில் பாதிநாள் வேலை, மற்றதெல்லாம் கட்சி. மேடையேறிப் பேசியதில்லை. பெஞ்சு போடுவார், சுவரில் எழுதுவார், பேச்சாளருக்குத் தொண்டை கட்டினால் வெந்நீரோடு ஓடுவார்.

அந்தச் சட்டமன்றத் தேர்தலில் கட்சி ஒரு பிரசவ நர்ஸை நிறுத்தியது. எதிரே ஆலை முதலாளி. பிள்ளை பெற்று வந்த பெண்களை ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்பிய புண்ணியவான். ஏணியின் மனைவிக்கும் அப்படித்தான் வேலை போனது. இப்போது வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். நர்ஸ் தோற்கக் கூடாது என்று ஏணி ராப்பகலாய் அலைந்தார்.

ஒருநாள் மாலை முகமெல்லாம் பல்லாக வந்தார். "நம்ம தெரு மொத்தமும் நமக்குத்தான். வீடு வீடா கேட்டுட்டேன்."

மிஷின் நின்றது. "யாரைக் கேட்டீங்க?"

"வீட்டுக்காரங்களத்தான். எல்லாரும் தலையாட்டிட்டாங்க."

"அவங்க பொண்டாட்டிங்க?"

"அவங்களையும் சேத்துத்தானே..."

"மூட்டையா கட்டிட்டீங்களாக்கும்! பக்கத்து வீட்டு அக்கா முதலாளிக்குத்தான் போடப் போறாங்க. அவங்க தங்கச்சிக்கு வேலை தர்றேன்னு ஆளு வந்து பேசிட்டுப் போயிருக்கு. பொய்யோ புளுகோ, அவன் அவங்களை ஒரு ஆளா மதிச்சுக் கேட்டான். நீங்க?"

ஏணிக்குச் சுருக்கென்றது. பெண்ணுரிமை என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய கை அது. எழுதியதைச் சுவரோடு விட்டுவிட்டு வருகிற நோய் முற்போக்கு பேசும் நம் எல்லோருக்கும் உண்டு. சொன்னால் உறைக்கிறவர்கள்தான் குறைவு.

உடனே மறுபடி கிளம்பினார். "என்ன ஏணி, அடுப்படியிலயும் சாத்தணுமா உன்னை?" என்று ஆண்கள் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. நிலைப்படியில் குனிந்து நின்று, "அக்கா, உங்க ஓட்டைக் கேட்டு வந்திருக்கேன்" என்றார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, யாரைக் கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அவரை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணையே நடத்திவிட்டாள்.

களைத்து வீடு திரும்பி மனைவி முன்னால் நின்றார். "உன் ஓட்டு?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "யோசிச்சுச் சொல்றேன்."

"அடிப்பாவி!"

"கேட்டவங்க காரணமும் சொல்லணும்ல?"

ஏணி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் துணியை மடித்து வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

நர்ஸ் மயிரிழையில் ஜெயித்தார். மனைவி யாருக்குப் போட்டாள் என்று ஏணி கேட்கவில்லை. அவர் ஆசையாய் முகத்தையே பார்த்தும், அவளும் சொல்லவில்லை.