வேலம்மாளின் இரண்டு மணி நேரம்

செம்மநத்தம் வேலம்மாள் தன் பீன்ஸ் காட்டுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டதிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஊற்றுத் தொட்டியில் ஐந்து குடும்பங்களுக்குப் பங்கு. ஆளுக்கொரு நாள், காலை ஆறிலிருந்து ஒன்பது வரை முறை. மூன்று மணி நேரம் வாய்க்காலில் விட்டாலும் போதாத காடு, இப்போது ஒரே மணி நேரத்தில் நனைந்துவிட்டது. ஏழு மணிக்கே வால்வை மூடிவிடுவாள். மீதித் தண்ணீரில் மேல்காட்டில் மிளகு வைக்கப்போவதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். கொடி படர்த்த வாகாகச் சில்வர் ஓக் மரங்கள் மட்டும் நிற்கும் அந்த அரை ஏக்கர் அவளுடைய பத்து வருஷத்து ஆசை.

சொன்னாளே தவிர, ஒரு கொடி நடவில்லை. பதினோரு மாதம் ஓடிவிட்டது. பக்கத்துக் காட்டுச் சித்தன், அவள் மூடிய வால்வைத் ஒரு முறைகூடத் தவறாமல் திறந்து தன் காப்பி நாற்றுக்குப் பாய்ச்சிக்கொண்டான். பாவம், பிழைத்துப் போகட்டும் என்று வேலம்மாளும் விட்டுவிட்டாள்.

பிறகுதான் அவன் தொட்டிக் கமிட்டியில் வாயைத் திறந்தான். ஒரு வருஷம் உரியவர் எடுக்காத தண்ணீர் எடுத்தவருக்கே என்பது தொட்டி கட்டிய நாளிலிருந்து உள்ள கட்டுப்பாடு. அடுத்த மாதம் வருஷம் முடிகிறது, அந்த இரண்டு மணி நேரத்தைத் தன் பேருக்கு எழுதவேண்டும் என்றான். செயலாளர் ஜெயபிரகாஷ் நோட்டைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

வேலம்மாள் எழுந்து நின்றாள். மிச்சம் பிடித்ததற்கா இந்தத் தண்டனை?

"அப்ப மூணு மணி நேரமும் தொறந்து உட்டா தண்ணி எம்படதுங்களா?"

ஆமாம் என்றார் ஜெயபிரகாஷ்.

அடுத்த முறையில் அவள் வால்வை மூடவேயில்லை. பழைய வாய்க்காலில் திருப்பிவிட்ட தண்ணீர் தரிசில் பாய்ந்து தார் ரோட்டில் இறங்கியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வேலம்மாள் வால்வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வீணாகும் தண்ணீரைப் பார்த்து ஒன்பது மணி வரை அழுதாள். ஆனாலும் மூடவில்லை.

தன் முறைத் தண்ணீர் மட்டும் போதாமல், மூன்றாம் முறைக்குள் சித்தனின் நாற்று தலை சாய்ந்தது. ரோட்டில் வழுக்கி விழுந்த ஜெயபிரகாஷே நோட்டில் புதிதாக எழுதினார்: மிச்சம் பிடித்த தண்ணீர் மிச்சம் பிடித்தவருக்கே, அவர் கொடுத்தால் மற்றவர் எடுக்கலாம். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள், சித்தனும்தான்.

அந்த வாரமே மிளகுக் கொடி மேல்காட்டுக்கு ஏறியது. அதற்கும் ஒரு மணி நேரமே போதுமாக இருந்தது. எட்டு மணிக்கு அவள் வால்வை மூடியபோது, சித்தன் வரப்பில் வந்து நின்றான்.

"ஏனுங்கக்கா, மிச்சத் தண்ணிய நான் தொறந்துக்கட்டுங்களா?"

பதினோரு மாதத்தில் ஒருநாளும் அவன் இதைக் கேட்டதில்லை.

"இதத்தான் தம்பி நீ மொதல்லயே கேட்டிருக்கோணும்," என்று சொல்லி, வால்வை அவளே திறந்துவிட்டாள்.