சிவகாசியிலிருந்து ஒரு நிலக்கரிக் கப்பலைத் தேடி

கப்பல் பார்ப்பது என் பொழுதுபோக்கு என்று சிவகாசியில் சொன்னால் சிரிக்கிறார்கள். "குடிக்கத் தண்ணிய வாரத்துக்கு ஒருக்க விடுறான், இவளுக்குக் கப்பல் கேக்குதாக்கும்" என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. கிரிக்கெட் ஸ்கோரை வருடவாரியாக ஒப்பிக்கிறவனிடம் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. ஒரு பெண் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடற்கரையில் நின்றால் மட்டும் ஊருக்கே விளக்கம் வேண்டும்.

நான் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிறேன். நாள் முழுக்க நிறங்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனபோது, துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த கப்பலின் புகைபோக்கி கண்ணில் பட்டது. கறுப்பு, அதன்மேல் மஞ்சள் பட்டை, நடுவில் ஒரு சின்னம். லேபிள்தான்! ஒவ்வொரு கம்பெனியும் தன் கப்பலுக்குத் தனி லேபிள் ஒட்டி அனுப்புகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதோடு இந்தப் பித்து தொற்றிக்கொண்டது. கொச்சிக்கோ சென்னைக்கோ எந்த வேலையாகப் போனாலும் ஒரு மாலையைக் கப்பலுக்கு என்று ஒதுக்கிவிடுவேன். ஊரில் இருக்கும்போது, அச்சகத்துக்கு வரும் ஆங்கிலப் பேப்பரில் எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அதைப் படிப்பேன். கடல் இல்லாத ஊர்க்காரிக்கு அதுதான் கடற்கரை.

இந்தப் பயணம் 2007இல், தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்த நாட்களில் நடந்தது. காரணம், எங்கள் தெருவில் இருக்கும் மாரிக்கனி.

மாரிக்கனி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் கணவன் செல்வராசு முதலில் ஒரு மெஸ்ஸில் சமையல் செய்துகொண்டிருந்தான். பிறகு யாரையோ பிடித்து, நிலக்கரி ஏற்றும் கப்பல் ஒன்றில் சமையல்காரருக்கு உதவியாளாகச் சேர்ந்தான். எட்டு மாதமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. தெருமுனை மளிகைக் கடையில் இருக்கும் போனுக்கு அவன் பேசுவான், கடைக்காரர் மனைவி சரோஜா ஆள் விட்டு மாரிக்கனியைக் கூப்பிடுவார். அந்தப் போனும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே நின்றுபோனது.

அவ்வளவுதான், தெரு ஆரம்பித்துவிட்டது. கப்பலுமில்லை, ஒன்றுமில்லை, அவன் மெட்ராஸில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறான் என்றார்கள். இதை அதிகம் சொன்னவர் சரோஜாதான். "போன் பண்றதையே நிறுத்திட்டானே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அரிசி நிறுத்தபடியே சொல்வார். அவர் கடை போன் அல்லவா, எல்லோரும் நம்பினார்கள்.

ஒருநாள் சாயங்காலம் மாரிக்கனி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க கப்பலெல்லாம் பாப்பீகளாமே. அவரு சொன்ன பேர்ல கப்பல்னு ஒண்ணு நெசமாவே இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

என் பொழுதுபோக்கை மதித்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. கப்பலின் பெயரை அவள் பிசகாமல் சொன்னாள். அந்தப் பெயரை நான் பேப்பரில் பலமுறை பார்த்திருக்கிறேன். (இங்கே எழுதவில்லை, செல்வராசுவின் வேலைக்கு ஏதும் சிக்கல் வரக்கூடாது.) மறுவாரமே அது தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கிறது என்று போட்டிருந்தது.

"கிளம்பு" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு சிவகாசியில் பஸ் ஏறினோம். சாத்தூர்வரை இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டம், நிற்கக்கூட இடமில்லை. சாத்தூரில் மாறி கோவில்பட்டி, அங்கே மாறி எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. சுமார் நூறு கிலோமீட்டர்தான், ஆனால் காத்திருப்பையும் சேர்த்தால் நாலு மணி நேரம் ஆகிவிடும். எட்டயபுரம் தாண்டியதும் மாரிக்கனி கேட்டாள்: "கப்பல்ல அவரு இல்லைன்னா என்னக்கா செய்ய?" ஜன்னலை மூடிவிட்டேன், சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

டவுன் பஸ் பிடித்துத் துறைமுகச் சாலையில் இறங்கி, கடற்கரைக்கு நடந்தோம். மழை விட்டிருந்தது. தூரத்தில் நாலு கப்பல்கள். நங்கூரமிட்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மெல்லத் திரும்பும், பொறுத்திருந்தால் எல்லாப் பக்கத்தையும் காட்டிவிடும். இரண்டாவது கப்பல் திரும்பியபோது புகைபோக்கியில் செல்வராசுவின் கப்பல் கம்பெனி நிறம் தெரிந்தது. தண்ணீரில் நன்றாகத் தாழ்ந்து நின்றது, சுமை இறக்காத கப்பல். பைனாகுலரை மாரிக்கனியிடம் கொடுத்தேன்.

"ஆத்தாடி! இம்புட்டுப் பெரிசா? இதுக்குள்ளயா சோறு பொங்குறாரு?"

நல்ல நேரம், மதியவாக்கில் அதே கப்பல் நகர ஆரம்பித்தது. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் இழுவைப் படகுகளோடு துறைமுகத்துக்குள் நுழைந்தது. முகப்பில் இருந்த ஆங்கில எழுத்துகளை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். முழுப் பெயரும் முடிந்ததும் மாரிக்கனி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கப்பல் இருக்கு" என்றாள். பிறகு சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "ஆளு இருக்காரான்னு பாக்கணும்."

துறைமுக வாசலில் இருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். அனுமதி இல்லாமல் உள்ளே விட முடியாது, அந்தக் கப்பலின் வேலைகளைக் கவனிக்கும் ஏஜெண்டிடம் கேளுங்கள் என்று வழி சொன்னார்கள். விதி என்றால் விதி, அதில் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்த ஏஜெண்ட் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரிடம்தான். கல்யாண போட்டோவையும் ரேஷன் கார்டையும் மாரிக்கனி எடுத்து நீட்டினாள். அவர் கையில்கூட வாங்கவில்லை.

"புருசன் கப்பல்ல இருக்கான்னு சொல்லிட்டு இங்கன தினம் யாராச்சும் வந்து நிக்கத்தான் செய்றாக. யாரு என்னன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றவர், என் கழுத்தைப் பார்த்தார். "அது எதுக்கு?"

"கப்பல் பாக்க."

"கப்பல்ல என்ன பாக்க?"

"பேரு, புகைபோக்கி, எந்த ஊர்க் கப்பல்னு."

"அதுக்கு யாரு சம்பளம் குடுக்கா?"

"யாரும் குடுக்கல. பொழுதுபோக்கு."

"கூட ஆம்பளைக ஒருத்தரும் வரல. பொம்பளைக ரெண்டு பேரு துறைமுகத்துல பொழுதுபோக்க வந்திருக்கீக." பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "அந்தக் கப்பல்ல செல்வராசுன்னு ஒருத்தர் இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. அவரு பொண்டாட்டி கேக்குறா" என்று சத்தமாகவே கேட்டேன். சொல்வதற்கு இல்லை என்றார். அரை நிமிட வேலை. ஒரு "ஆமாம்" போதும். அந்த ஒரு சொல்லைக் கொடுக்காமல் எங்களை வெயிலுக்கு அனுப்பினார்.

வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மாரிக்கனி டீயைத் தொடவில்லை. அப்போது ஒரு வேன் வந்து நின்றது. பின்னால் முட்டைக்கோஸ், வெங்காய மூட்டை, முட்டை அட்டைகள். டிரைவர் இறங்கி டீ சொன்னார். இவ்வளவு காய்கறி துறைமுகத்துக்குள் எங்கே போகும்? எழுந்துபோய்க் கேட்டேன்.

"கப்பலுக்குத்தான். மூணு கப்பலுக்கு லோடு இருக்கு" என்றார். கப்பல் பெயரைச் சொன்னேன். "அதுவும் உண்டு. இன்னிக்குத்தான உள்ள வந்து கரையில கட்டியிருக்கு."

"அதுல சமையல்கட்டுல எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு அண்ணாச்சி. இருக்காரான்னு தெரியல, அதான் வந்துருக்கோம்."

"ஆளு எப்படி இருப்பான்?"

மாரிக்கனி எழுந்து வந்தாள். "கறுப்பா, ஒசரமா இருப்பாரு. எடது புருவத்துல ஒரு வெட்டு. தரையப் பாத்துத்தான் பேசுவாரு."

டிரைவர் சிரித்துவிட்டார். "அவனா! சிவகாசிக்காரன்தான? ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்துல தூக்கிக் காட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவான் தங்கச்சி. அவன் ஒருத்தனால எனக்கு மத்த கப்பலுக்கு லேட்டாகும்."

"வீட்லயும் அப்படித்தான்" என்றாள் மாரிக்கனி. சொல்லும்போதே முகம் கோணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டிரைவர் பாதி டீயை வைத்துவிட்டு வேனை எடுத்தார். "இங்கனயே இரு. சொல்லிவிடுறேன்."

நாலரை மணிக்கு செல்வராசு வாசலுக்கு வெளியே வந்தான். ஏழு மணிவரைதான் அனுமதி, எப்போது இங்கே வந்தாலும் இதற்கு மேல் வெளியே விடுவதில்லையாம். ஓடி வந்த வேகத்தில் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்பதுதான் அவன் முதல் வார்த்தை.

"எனக்குத்தான். உசுரோட இருக்கீகளா இல்லையான்னு தெரியாம ரெண்டு மாசமாச் செத்துக்கிட்டிருக்கேன். ஒரு போன் பண்ணக் கை வரலையா?"

"பண்ணலையா? எத்தன தடவ போட்டேன் தெரியுமா? இந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு ஒரு பொம்பளக் குரல் சொல்லிக்கிட்டே இருக்கு. சரோஜாக்கா கடை போனு கட்டாகிக் கெடக்குன்னுல்ல நான் நெனச்சேன்!"

என் செல்போனில் அந்தக் கடை எண்ணை நானே போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை.

"லெட்டர் போட வேண்டியதுதான?" என்று கேட்டாள் மாரிக்கனி.

அவன் தரையைப் பார்த்தான். "அடுத்த துறைமுகத்துல போய்ப் பேசிக்கிடலாம், அடுத்த துறைமுகத்துல பேசிக்கிடலாம்னு இருந்துட்டேன்."

"அடுத்த துறைமுகம்!" என்று அவள் அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்தக் கையை விடவே இல்லை.

இருவரையும் விட்டுவிட்டு நான் கடற்கரைக்குப் போனேன். அருமையான மாலை வெளிச்சம். கன்டெய்னர் கப்பல் ஒன்று வெளியேறிக்கொண்டிருந்தது. என்னால் எதையும் பார்க்க முடியவில்லை. அரிசி நிறுத்துக்கொண்டே சரோஜா பேசிய பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். கல்லா மேல் புது போன் இருந்தது. வயர் இல்லாதது, நம்பர் வேறு. சரோஜா கொஞ்சமும் அசரவில்லை.

"நம்பர் மாறிருச்சு. அத ஒவ்வொருத்தர்ட்டயும் போய்ச் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

"போன் வரலைங்கிறத மட்டும் ஒவ்வொருத்தர்ட்டயும் போய்ச் சொன்னீகள்லா?" என்றாள் மாரிக்கனி.

கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சரோஜா தராசுத் தட்டை எடுத்துத் துடைத்தார். "சரிம்மா, கப்பல்லதான் இருக்கான். ஊருக்கு ஊரு போறவன், அங்கங்க ஒருத்திய வச்சிருக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாரிக்கனி சொன்னாள்: "அத நான் கேட்டுக்கிடுறேன். ஒங்க கடையில இனி எனக்குப் போனும் வேண்டாம், பொட்டலமும் வேண்டாம்." அந்த வாரமே பழைய செல்போன் ஒன்று வாங்கினாள். சரோஜா இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. தெருவிலும் ஒருவர் கேட்கவில்லை. ஒரு பெண்ணை இரண்டு மாதம் வார்த்தையாலேயே அரைத்தவர்கள், தப்பு என்று தெரிந்ததும் வேறு கதைக்குப் போய்விட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். போவதற்கு மட்டும் பஸ் செலவு ஒருவருக்கு முப்பத்தைந்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை வேண்டாம், சாத்தூர்வரை நசுங்கிப் போக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் குடை அவசியம். மழை விட்ட பிறகு காற்று தெளிவாக இருக்கும், தூரத்துக் கப்பலும் துல்லியமாகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் கப்பல் ஆடும். துறைமுகத்தை ஒட்டிப் படம் எடுக்கும் முன் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒருவருக்குச் சேதி அனுப்ப வேண்டும் என்றால் அலுவலகங்களில் நேரத்தை வீணாக்காதீர்கள், காய்கறி வேனைப் பிடியுங்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால் கப்பல் பார்க்க என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை நாம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்தக் கப்பல் மறுபடியும் தூத்துக்குடிக்கு வருவதாகப் பேப்பரில் பார்த்தேன். சொல்லிவிட்டு வரலாம் என்று மாரிக்கனி வீட்டுக்கு ஓடினேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டுப் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா, நேத்தே பேசிட்டாரு. காலையில மொத பஸ்ஸுக்குப் போறேன்."

"நானும் வரவா?" என்றேன், ஆசையாகத்தான்.

"நீங்க எதுக்குக்கா?" என்று சிரித்தாள். "வழிதான் எனக்கே தெரியுமே."