கை கட்டி நின்ற சின்னப்பன்

நான் எக்ஸ்ரே அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தர்மபுரிப் பக்கத்தில் எக்ஸ்ரே என்றால் யாருக்கும் விளங்காது. 'எலும்பு போட்டோ' என்றால்தான் விளங்கும். பிலிம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆளுக்கு ஒரு படம்தான். இரண்டாவது வேண்டுமானால் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நானோ பிலிமை என் சொந்தச் சொத்து மாதிரி காத்து வந்தேன்.

சின்னப்பன் இண்டூர்ப் பக்கத்து விவசாயி. மாடு மிரண்டு திரும்பியதில் வண்டியின் நுகத்தடி அவருடைய வலது தோளில் முன்பக்கமாக இடித்துவிட்டது. ஊரில் பற்றுப் போட்டுப் பார்த்தும் வலி நிற்கவில்லை. மனைவி நஞ்சம்மாள் அவரை மாட்டுவண்டியில் அழைத்து வந்தாள். மழை விழுந்து ஊரெல்லாம் ஏர் பூட்டிக்கொண்டிருந்த சமயம். ஏர் பிடிக்கும் கை போய்விட்டால் சம்சாரிக்கு என்ன மிச்சம்? வரும் வழியெல்லாம் அந்தம்மாளுக்கு அதே கவலை.

டாக்டர் பட்டணத்தில் படித்தவர், நல்ல மனுஷர். அவரைப் பார்த்ததும் சின்னப்பன் துண்டைத் தோளிலிருந்து இறக்கி, இரு கையையும் மார்போடு சேர்த்து ஒடுங்கி நின்றார். எங்கள் வராந்தாவில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள். டாக்டருக்கு அது பிடிக்காது, ஆனால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

சின்னப்பனை நிற்க வைத்து நேருக்கு நேராக ஒரு படம் எடுத்தேன். டாக்டர் ஈரப் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, சதையில்தான் அடி, ஒத்தடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். இருவரும் கும்பிடாத குறையாகக் கிளம்பினார்கள்.

வாசல்படியில் டாக்டர் சிரித்துக்கொண்டே, போகும்போதாவது கையைத் தொங்கவிட்டு நடக்கச் சொன்னார். சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நஞ்சம்மாள்தான் திரும்பினாள்.

"மரியாதைக்குக் கட்டலீங்க சாமி. இடிபட்ட அன்னைக்கிருந்து அந்தக் கை அப்படியேதான் நிக்குது. சோறுகூட நாந்தான் ஊட்டி வுடறேன்."

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சின்னப்பனைக் கேட்டார்.

"போட்டோவுல எல்லாம் தெரிஞ்சுருமின்னு சொன்னாங்களேங்க" என்றார் அவர்.

டாக்டர் அவருடைய முழங்கையைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். கை அசைந்து கொடுக்கவில்லை. தோள் உருண்டை குழியை விட்டுப் பின்பக்கமாக நழுவியிருக்கலாம், நேராக எடுத்த படத்தில் அது ஏமாற்றிவிடும், அக்குள் வழியாக எடுக்க வேண்டும் என்றார். நான் பிலிமுக்காக வாயைத் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சின்னப்பனைப் படுக்கவைத்து, தோளின் மேல் பிலிம் பெட்டியை நிறுத்தி, இடுப்புப் பக்கத்திலிருந்து அக்குளைப் பார்த்து, கதிர் வரும் ட்யூபைத் திருப்பினேன். அதற்குக் கையைக் கொஞ்சமாவது விலாவிலிருந்து விலக்க வேண்டும். நஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் அப்படி யாரையும் கதிர் படும்படி நிற்கவிடக் கூடாது. அன்று எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். சின்னப்பன் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

படத்தில் உருண்டை குழிக்குப் பின்னால் கிடந்தது. மயக்க மருந்து கொடுத்து டாக்டர் இழுத்தார். 'களுக்' என்று ஒரு சத்தம். கை விடுபட்டது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினோம். அந்த மழைக்கு ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு சால் ஓட்டி அவர் நிலத்தையும் உழுதுகொடுத்தார்களாம்.

இன்று படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மிஷினைத் தொடுவதற்கு முன்னால் வந்தவரைக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் ஏனென்று கேளுங்கள். அவராகச் சொல்லமாட்டார்.

அறுவடை முடிந்து சின்னப்பன் ஒரு மூட்டை அவரைக்காயோடு வந்தார். டாக்டர் முன்னால் இரண்டு கையையும் தாராளமாகத் தொங்கவிட்டு நின்றார். வாசலில் இருந்த பியூனுக்குப் பொறுக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் நிற்கத் தெரியாதா, கையைக் கட்டு என்று அதட்டினான்.

"அவரை ஒண்ணும் சொல்லாதப்பா" என்றார் டாக்டர். "அப்படியே நிக்கட்டும். நான் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்."