இல்லாவிட்டால் என்ற வரி

என் பர்ஸில் ஒரு பிரியாணிக் கடை ரசீது நான்காக மடிந்து கிடக்கிறது. முன்பக்கத்து அச்சு அழிந்துவிட்டது. பின்பக்கத்துப் பேனா எழுத்து மட்டும் நிற்கிறது. 'இரு தரப்பும் கையெழுத்திட்டால், சொன்னபடி. இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்து சாருக்கு.' இதில் 'சாருக்கு' என்பதை அடித்து, மேலே 'எங்களுக்கு' என்று எழுதியவர் பாய்.

நான் பத்தாவதோடு பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனர், சிறுசேரி கேன்டீனில் தட்டுக் கழுவல் என்று சுற்றிவிட்டு, கைபேசியைப் பார்த்தே நிரல் எழுதப் பழகினேன். ஊரப்பாக்கத்தில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட பாயும் அப்படித்தான். வேலையை வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் விட்டவர்கள் எங்களுக்கு அதற்குள் இரண்டு பேர்.

மூன்றாவதாக வந்தவர்தான் அந்த சார். கூலியை பிட்காயின் என்ற இணையப் பணத்தில் முன்பே பூட்டிவைப்பதாகவும், எழுதிய நிபந்தனைப்படி மட்டுமே அது திறக்கும் என்றும் சொன்னார். பூட்டின் நிபந்தனைகளை ரசீதில் அவரே எழுதிக் காட்டினார். வாடகைக்கு வழியில்லாத நான் தலையாட்டினேன். பாய் ஆட்டவில்லை.

"அவரு சும்மா குந்திகினு இருந்தாலே போதும் மச்சான், பணம் அவராண்ட போயிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லை அடித்தார்.

"நீங்க வேலையே செய்யலைன்னா?" என்றார் சார்.

"இத்தன நாளா நாங்கதான் சார் நம்பிகினு கெடந்தோம். மூணு மாசம் நீங்க நம்புங்க."

சார் முகம் சுளித்தார். ஆனால் அவருக்கு வேலை அவசரம். ஒப்புக்கொண்டு, பணத்தை அப்படியே பூட்டினார். வேலையை முடித்துக் கொடுத்ததும் அவரும் போனை எடுக்கவில்லை.

மூன்று மாதம் ஒருவேளைச் சாப்பாட்டில் ஓடியது. கெடு முடிந்த காலை பணத்தை எடுக்க உட்கார்ந்தேன். எந்த நிபந்தனைப்படி எடுக்கிறோம் என்பதை எடுப்பவர்தான் சொல்ல வேண்டும். ஒன்று போட்டால் முதல் வழி, சுழியம் போட்டால் 'இல்லாவிட்டால்' வழி. முதல் வழியையே எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த கை ஒன்றைத்தான் போட்டது. சார் கையெழுத்து இல்லாததால் பூட்டு மறுத்துவிட்டது. சாரிடம் கெஞ்சிப் பார்க்கலாமா என்று பாயிடம் கேட்டேன்.

"அவரு வாசல்ல போய் இன்னாத்துக்கு நிக்கிற? நமக்குன்னு தனி வழி கீதே. அதுக்குத்தானே அன்னிக்கு அவ்ளோ சண்ட."

பாய் சுழியத்தைப் போட்டார். டீ ஆறுவதற்குள் பூட்டு திறந்துவிட்டது. யார் கையெழுத்துக்கும் நாங்கள் காத்திருக்கவில்லை.

பாய் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். போன வாரம் காட்டாங்குளத்தூரில் ஒரு அலுவலகத்தில் என் முன் ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். அவர்கள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்ற இடத்தை முதலில் தேடினேன். அந்த வரி அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது.

"எல்லாரும் பேசாம கையெழுத்துப் போட்டுட்டுத்தான் தம்பி போறாங்க" என்றார் மேலாளர்.

ரசீதை எடுத்து மேசைமேல் விரித்தேன். பிறகு, அந்த வரியை அடிப்பதற்கு அவரிடமே பேனா கேட்டேன்.